பெரிய இன்ஜினும் பெரியாற்றுத் தண்ணீரும்

மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் போகும் பேருந்தில் ஏறி, பழங்காநத்தத்தைத் தாண்டினால் பாறையும் பச்சையுமாக ஒரு குன்று தெரியும். அதுதான் பசுமலை. மதுரையை அழிக்க ஏவப்பட்ட மாயப்பசு, நந்தியின் முன் நிற்க முடியாமல் விழுந்து மலையாகிப் போனது என்று திருவிளையாடல் புராணம் சொல்கிறது. திருமங்கலத்தில் அமெரிக்க மிஷன் நடத்திய இறையியல் பள்ளி 1845-இல் இந்தக் குன்றின் அடிவாரத்துக்கு மாறியது. நாவலர் சோமசுந்தர பாரதியார் வாழ்ந்ததும் இங்கேதான். இன்றைக்கு ஊர் முழுக்க நகரமாகிவிட்டது. ஆனாலும் குன்றின் மேட்டில் நின்று பார்த்தால் மதுரைச் சமவெளியின் அமைப்பு விளங்கும். வடகிழக்கில் யானைமலை, மேற்கில் நாகமலை, தெற்கில் திருப்பரங்குன்றம். அதன் பக்கத்தில் தென்கால் கண்மாய், இன்னும் தெற்கே போனால் நிலையூர் கண்மாய். இவற்றுக்கு இடையிலும் அப்பாலும்தான் நஞ்சையும் கரிசலும் மல்லிகைத் தோட்டங்களும்.

இந்தச் சமவெளி விவசாயிகளிடமிருந்து இப்போது அதிகம் வரும் கேள்வி விதையைப் பற்றியதோ உரத்தைப் பற்றியதோ அல்ல. ‘55 ஹெச்.பி. டிராக்டர் வாங்கலாமா சார்? புது இன்ஜின், கம்ப்யூட்டர் எல்லாம் இருக்காம். பராமரிப்புக்கு எவ்வளவு ஆகும்?’ என்பதுதான். ‘வாங்கலாம்’, ‘வேண்டாம்’ என்று ஒரே வார்த்தையில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே வண்டி வாடிப்பட்டியில் லாபமாகவும் மேலூரில் கடனாகவும் முடியலாம். ஏன் என்று தெரிந்துகொள்ள, பசுமலையில் தொடங்கி இந்தச் சமவெளியை ஒரு சுற்று சுற்றி வருவோம்.

பட்டறைகளின் ஊர்

பசுமலையைத் தொட்டுச் செல்லும் சாலையின் இரண்டு பக்கமும் வாகன ஷோரூம்களும், உதிரிபாகக் கடைகளும், பட்டறைகளும் இருக்கின்றன. மதுரைக்கும் இன்ஜினுக்குமான உறவு நூறு வருஷத்துக்கு மேற்பட்டது. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தொடங்கிய நிறுவனம் இந்த ஊரிலிருந்துதான் வளர்ந்தது. நேரம் தவறாத பஸ் என்பதுதான் டி.வி.எஸ்-ஸின் பெயர். சாலையில் கிடக்கும் ஆணிகளைப் பொறுக்க, காந்தம் பொருத்திய வண்டியை முன்னால் ஓட்டினார்கள் என்று மதுரையில் இன்றும் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, கரியை எரித்து வாயு எடுத்து பஸ்ஸை ஓட்டும் ‘கேஸ் பிளான்ட்’டையும் இந்த நிறுவனம் தயாரித்தது. வண்டி நின்ற பிறகு சரிசெய்வதைவிட, நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் மலிவு என்ற பாடம் இந்த ஊருக்குப் புதிதல்ல.

விவசாயத்தில் இன்ஜின் வந்த கதை வேறு. கமலை கட்டி இறைத்த கிணறுகளில் முதலில் வந்தது ‘ஆயில் இன்ஜின்’. 1946-இல் புனே அருகே கிர்கியில் கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு, 5 ஹெச்.பி. ஒற்றை சிலிண்டர் இன்ஜின்கள் நாடு முழுக்கப் பரவின. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிணற்று மேடுகளில் அவற்றின் ‘டுப்பு டுப்பு’ சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றைக்கு ஐம்பது, அறுபது வயதில் இருக்கிறார்கள். அந்த இன்ஜினில் எது பழுதானாலும் கழற்றிச் சாக்கில் கட்டி, சைக்கிளில் வைத்து லேத் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். சாயந்திரம் திரும்பி வந்துவிடும். 1990-ஐ ஒட்டி விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்ததும் மோட்டார்கள் அந்த இடத்தைப் பிடித்தன. டீசல் இன்ஜின் கிணற்றிலிருந்து டிராக்டருக்கு இடம் மாறியது. ஆனால், ‘எந்த இன்ஜினையும் நம்ம ஊர் மெக்கானிக் பார்த்துவிடுவார்’ என்ற நம்பிக்கை மட்டும் மாறவில்லை. அந்த நம்பிக்கைதான் இப்போது செலவு வைக்கிறது.

2023-க்குப் பிறகு என்ன மாறியது?

37 கிலோவாட்டுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 50 ஹெச்.பி-க்கு மேல் உள்ள டிராக்டர்களுக்கு 1.1.2023 முதல் ‘டிரெம் 4’ என்ற புகை விதிமுறை கட்டாயமாகிவிட்டது. 50 ஹெச்.பி. வகுப்பில் முந்தைய விதிப்படி ஒரு கிலோவாட் மணிக்கு 0.4 கிராம் வரை புகைத்துகள் வெளியேறலாம். புதிய விதிப்படி 0.025 கிராம்தான். பதினாறில் ஒரு பங்கு. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. ஒரு நாளில் எட்டு மணி நேரம் அந்தப் புகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர் டிராக்டர் ஓட்டுநர்தான். ஆகவே, விதிமுறையில் நியாயம் இருக்கிறது. அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

இந்த அளவுக்குப் புகையைக் குறைக்கப் பழைய பம்ப்பால் முடியாது. அதனால் பெரிய இன்ஜின்களில் ‘காமன் ரயில்’ முறை வந்தது. பழைய முறையில், பம்ப்பே ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக டீசலைத் தள்ளும். சாதாரண நாசில் 200 பார் அழுத்தத்தை ஒட்டித் திறந்துகொள்ளும். காமன் ரயிலில், ஒரு பொதுக்குழாயில் 1,400 பார், அதற்கும் மேல் என்று அழுத்தம் எப்போதும் தயாராக இருக்கும். எந்த நொடியில், எவ்வளவு டீசல் என்பதை ‘இ.சி.யூ’ எனப்படும் கம்ப்யூட்டர் முடிவு செய்து இன்ஜெக்டரைத் திறக்கும். டீசல் நன்றாக எரியும், சத்தம் குறையும், இழுவை சீராக இருக்கும். இவையெல்லாம் உண்மையான நன்மைகள்.

ஆனால், அந்த இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளி இரண்டு, மூன்று மைக்ரான்தான். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். கண்ணுக்குத் தெரியாத தூசியும், டீசலில் கலந்த சில சொட்டுத் தண்ணீரும் போதும், இன்ஜெக்டர் தேய்ந்துவிடும், துருப்பிடித்துவிடும். பழைய நாசிலை மாற்றுவது சில நூறு ரூபாய் வேலை. காமன் ரயில் இன்ஜெக்டர் ஒன்றுக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகும். நான்கு சிலிண்டருக்கு நான்கு இன்ஜெக்டர். இதோடு புகைக்குழாயில் வினையூக்கி, சில மாடல்களில் புகைத்துகளைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி, 56 கிலோவாட், அதாவது 75 ஹெச்.பி-க்கு மேல் போனால் பல இன்ஜின்களில் யூரியா கரைசல் தெளிக்கும் அமைப்பு என்று ஒவ்வொன்றாகச் சேரும். சந்தையில் 49 ஹெச்.பி. என்று போட்ட வண்டிகள் ஏன் அதிகமாக வருகின்றன என்பது இப்போது புரியும். 50-க்குக் கீழே நின்றுகொண்டால் பழைய முறைப் பம்ப்பே போதும்.

ஒரு மணி நேரத்துக்கு என்ன செலவு?

‘சர்வீஸுக்கு எவ்வளவு?’ என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஆயிலையும் ஃபில்டரையும்தான் மனதில் வைத்துக் கேட்கிறார்கள். செலவில் அது சிறிய பங்கு. வண்டி ஷெட்டில் சும்மா நின்றாலும் ஆகும் செலவுதான் பெரியது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்காகத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

55 ஹெச்.பி. காமன் ரயில் டிராக்டர், ரோட்டவேட்டரோடு சேர்த்து ரூ.12 லட்சம் என்று வைப்போம். ஆயுள் 10 ஆண்டு. கடைசியில் ரூ.1.2 லட்சத்துக்கு விற்கும் என்றால், தேய்மானம் ஆண்டுக்கு ரூ.1,08,000. சராசரி முதலீடு ரூ.6.6 லட்சத்துக்கு 10 சதவிகித வட்டி ரூ.66,000. இன்ஷூரன்ஸ், கொட்டகை வகையில் விலையில் 2 சதவிகிதம் ரூ.24,000. மொத்தம் ரூ.1,98,000. சாவியைத் தொடாவிட்டாலும் ஆண்டுதோறும் ஆகும் செலவு இது.

ஓடும்போது ஆகும் செலவு வேறு. ரோட்டவேட்டர் உழவுக்கு மணிக்கு 6 லிட்டர் டீசல், லிட்டர் ரூ.93 என்றால் ரூ.558. ஆயில், ஃபில்டர் ரூ.40. பழுதுபார்ப்புக்கு ஒதுக்க வேண்டியது ரூ.60. ஓட்டுநர் கூலி, நாளுக்கு ரூ.1,000 என்று வைத்தால், மணிக்கு ரூ.125. ஆக மொத்தம் ரூ.783.

வாடகை மணிக்கு ரூ.1,200 என்றால், ஒவ்வொரு மணி நேரமும் கையில் நிற்பது ரூ.417. நிலையான செலவு ரூ.1,98,000-ஐ இதனால் வகுத்தால் 475 வருகிறது. ஆண்டுக்கு 475 மணி நேரம் ஓடினால்தான் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்ற நிலையை எட்ட முடியும்.

இதே கணக்கை 45 ஹெச்.பி. பழைய முறை இன்ஜினுக்குப் போடுவோம். விலை ரூ.8 லட்சம் என்றால் நிலையான செலவு ஆண்டுக்கு ரூ.1,32,000. மணிக்கு 5 லிட்டர் டீசலோடு ஓட்டச் செலவு ரூ.670. வாடகை ரூ.1,100 என்றால் மிச்சம் ரூ.430. இந்த வண்டிக்கு 307 மணி நேரம் போதும்.

சொந்த நிலத்தை வைத்துப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். ஒரு ஏக்கர் நெல்லுக்குச் சேற்று உழவு மூன்று மணி நேரம் என்று வைப்போம். ஐந்து ஏக்கர்காரருக்கு ஒரு போகத்துக்கு 15 மணி நேரம், இரண்டு போகத்துக்கு 30 மணி நேரம். மீதி 445 மணி நேரம் அடுத்தவர் வயலிலிருந்துதான் வந்தாக வேண்டும். அந்த அடுத்தவரும் வண்டி வாங்கிவிட்டால்?

கள்ளந்திரிக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

இப்போது பசுமலையை விட்டு வடக்கே போவோம். 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் பக்கம் வருகிறது. 1959-இலிருந்து வைகை அணை அதைத் தேக்கித் தருகிறது. பேரணையில் பிரியும் பெரியாறு பிரதான கால்வாய், வாடிப்பட்டிப் பக்கமாக வந்து கள்ளந்திரியை எட்டுகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை சுமார் 45 ஆயிரம் ஏக்கர் இருபோகப் பாசனம். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பகுதியும், திருமங்கலம் கால்வாய்ப் பகுதியும் சேர்ந்து சுமார் 1 லட்சத்து 5 ஆயிரம் ஏக்கர். அது ஒருபோகம்.

இந்த எல்லைக்கோடு நெல்லுக்கு மட்டுமல்ல, இன்ஜினுக்கும் பொருந்தும். தண்ணீர் திறந்த பிறகு நடவுக்கு உழவு மும்முரமாக இருப்பது ஏறக்குறைய 30 நாள். நாளுக்கு 8 மணி நேரம் இடைவிடாமல் வேலை கிடைத்தாலும் ஒரு போகத்துக்கு 240 மணி நேரம்தான். இருபோகப் பகுதியில் 480 மணி நேரம். நம் கணக்கில் 55 ஹெச்.பி-க்குத் தேவை 475. அதாவது, கள்ளந்திரிக்கு மேலே பெரிய இன்ஜின் தலை தப்பும். கள்ளந்திரிக்குக் கீழே 240 மணி நேரத்தோடு நின்றுவிட்டால், ஆண்டுக்கு ரூ.97,920 கைவிட்டுப் போகும். அதே இடத்தில் 45 ஹெச்.பி. வண்டிக்கு நஷ்டம் ரூ.28,800. அதை டிரெய்லர் வேலை, கோடை உழவு என்று கொஞ்சம் அலைந்தால் சரிக்கட்டிவிடலாம்.

இதுவும் தண்ணீர் வந்தால்தான். இருபோகத்துக்கு ஜூன், ஒருபோகத்துக்குச் செப்டம்பர் என்பது வழக்கம். அணையில் இருப்பு போதாத ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அப்படிப்பட்ட ஆண்டில் உழவு இல்லை, அறுவடை இல்லை. ஆனால், தவணைத் தேதி மட்டும் தவறாமல் வரும். வண்டி வாங்கும்போது பத்து ஆண்டுக்கான கணக்கில் இரண்டு ஆண்டாவது தண்ணீர் இல்லாத ஆண்டாக எழுதிக்கொள்ள வேண்டும். ஷோரூமில் தரும் தவணை அட்டவணையில் அந்த ஆண்டு இருக்காது.

இந்தப் பகுதி வயல்களில் இன்னொரு விஷயமும் உண்டு. வரப்புக்கு வரப்பு சிறு சிறு வயல்கள். கனமான நான்கு சக்கர இழுவை வண்டி திரும்புவதற்கே நேரம் போகும். உளையான வயலில் அமிழ்ந்துவிட்டால் இன்னொரு வண்டி வந்துதான் இழுக்க வேண்டும். வண்டியின் சக்தி முழுக்க உழவுக்குப் பயன்படாமல் திரும்புவதிலேயே வீணாகும்.

இதே வயல்களுக்கு அறுவடை நேரத்தில் வரும் இயந்திரங்களைப் பாருங்கள். பெல்ட் வண்டி, டயர் வண்டி இரண்டுமே பெரிய டீசல் இன்ஜின்கள்தான். அவற்றில் பலவும் வெளியூர் வண்டிகள். சேலம் மாவட்டம் ஆத்தூர்ப் பக்கமிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். இங்கே அறுவடை முடிந்தால் டெல்டா, அதன் பிறகு பக்கத்து மாநிலங்கள் என்று நெல் பழுக்கும் இடத்தையெல்லாம் தேடிப் போகிறார்கள். காரணம், ஒரு ஊரின் அறுவடை நாள்களை மட்டும் நம்பினால் அந்த இன்ஜினுக்குக் கட்டுப்படி ஆகாது என்பது அவர்களுக்குத் தெரியும். பெரிய இன்ஜினை வைத்திருப்பவர் ஒன்று, வேலையைத் தேடி ஊர் ஊராகப் போக வேண்டும். அல்லது, வேலை தானாக வரும் இடத்தில் இருக்க வேண்டும்.

கரிசலில் வேறு கணக்கு

மறுபடி பசுமலைக்கு வந்து, தெற்கே திருமங்கலம் சாலையைப் பிடிப்போம். திருமங்கலத்தைத் தாண்டி டி.கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் போனால் மண்ணின் நிறம் மாறிவிடும். மக்காச்சோளம், பருத்தி, பயறு வகைகள், சிறுதானியங்கள். வானம் பார்த்த கரிசல். நிலங்கள் அகலமாகக் கிடக்கும். இறுகிக் கிடக்கும் கரிசலில் சட்டிக்கலப்பையும் உளிக்கலப்பையும் இழுக்க இழுவைத் திறன் வேண்டும். பெரிய இன்ஜினுக்கு உண்மையிலேயே வேலை இருக்கும் மண் இதுதான்.

ஆனால், இங்கே நாள் குறைவு. கரிசலில் மழை பெய்து, ‘பதம்’ வந்து, அது போவதற்குள் உழுதுவிட வேண்டும். காய்ந்தால் கட்டி, நனைந்தால் பசை. சித்திரை, வைகாசிக் கோடை மழையில் சில நாள், ஆடி முதல் புரட்டாசி வரை விதைப்புக்கு முன்னால் சில நாள். அந்த நாள்களில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வண்டி வேண்டும். மற்ற நாள்களில் யாருக்கும் வேண்டாம். அந்தப் பத நாளில் இன்ஜின் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்தப் பகுதியின் பெரிய கவலை.

புது இன்ஜினில் ஒரு சென்சாரில் கோளாறு வந்தாலும் கம்ப்யூட்டர் எச்சரிக்கை விளக்கைப் போட்டு, இன்ஜினின் சக்தியைக் குறைத்துவிடும். இன்ஜின் கெட்டுப்போகாமல் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு அது. ஆனால், பாதி சக்தியில் உளிக்கலப்பை இழுக்க முடியாது. கோளாறு என்ன என்று அறிய, அதற்கான கருவியோடு கம்பெனி ஆள் வர வேண்டும். கல்லுப்பட்டியிலிருந்து மதுரை ஏறக்குறைய 40 கிலோமீட்டர். எல்லோருடைய வண்டியும் ஓடும் அதே வாரத்தில், அந்த ஆள் ஒருவரே பத்து ஊருக்குப் போய்க்கொண்டிருப்பார். ‘சார், வயர்ல எலி கடிச்சிருக்கு, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க மூணு நாள். அதுக்குள்ள பதம் போயிருச்சு’ என்று அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர் சொன்னார். வயரைச் சரிசெய்ய ஆனது சொற்பத் தொகை. மூன்று நாள் வாடகையும், பிந்திப்போன விதைப்பும்தான் உண்மையான செலவு. அதனால், கரிசல்காரர்கள் விலையை விசாரிப்பதற்கு முன்னால், ‘உங்கள் சர்வீஸ் ஆள் எங்கே இருக்கிறார், கருவியோடு எத்தனை மணி நேரத்தில் வருவார்?’ என்று விசாரிக்க வேண்டும்.

திருப்பரங்குன்றம், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களில் மல்லிகை போட்டிருப்பவர்களுக்கு இந்தக் கவலையே தேவையில்லை. செடிகளுக்கு நடுவில் ஓட்ட ஒரு பவர் வீடர் போதும். அதற்கு எதற்கு 55 ஹெச்.பி.?

வாங்கிவிட்டவர்கள் கவனிக்க வேண்டியவை

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? நல்ல இன்ஜின்தான், பயப்பட வேண்டாம். பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் டீசல். பழைய பேரல், எண்ணெய் டின், தண்ணீர் கேன் எதிலும் பிடித்து வைக்காதீர்கள். கூட்டம் அதிகமுள்ள நல்ல பங்க்கில் நேரடியாக டேங்கில் நிரப்புங்கள். வேலை முடிந்து சாயந்திரமே டேங்கை நிரப்பிவிட்டால், இரவில் காலியிடத்தில் ஈரம் படிந்து தண்ணீராக மாறுவது குறையும். தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தை ஒவ்வொரு நாளும் காலையில் திறந்து வடித்துவிடுங்கள். அரை நிமிட வேலை. நான்கு இன்ஜெக்டரைக் காப்பாற்றுவது அதுதான்.

டீசல் ஃபில்டரைக் கழுவி மறுபடி போடுவது, விலை குறைந்த போலி ஃபில்டர் போடுவது, புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி மாட்டுவது மூன்றும் வேண்டாம். டீசல் நிரப்பிக் காற்றை எடுக்க, வண்டியிலேயே இருக்கும் கை பம்ப்பைப் பயன்படுத்துங்கள்.

ஆயில் விஷயத்தில் கையேட்டில் குறிப்பிட்ட தரத்தையே போடுங்கள். புகை வடிகட்டி உள்ள இன்ஜினுக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் தேவை. ‘எல்லாம் ஒரே ஆயில்தான்’ என்று சாதாரண ஆயிலை ஊற்றினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ஆயிலை மாற்றும் காலத்தை மாதத்தை வைத்து மட்டும் பார்க்காமல், மணி மீட்டரையும் பாருங்கள்.

வண்டியிலோ, மாட்டியிருக்கும் கலப்பையிலோ வெல்டிங் வைக்கும் முன் கருவியைத் தனியே கழற்றுங்கள். முடியாவிட்டால் பேட்டரி இணைப்பையும் கம்ப்யூட்டர் இணைப்பையும் கழற்றிவிட்டு வெல்டிங் வையுங்கள். இல்லாவிட்டால் வெல்டிங் மின்சாரம் கம்ப்யூட்டரைக் காவு வாங்கிவிடும். வாட்டர் சர்வீஸில் அழுத்தத் தண்ணீரைச் சென்சார், வயர் இணைப்புகள் மேல் நேரடியாக அடிக்காதீர்கள். எலித் தொல்லை உள்ள கொட்டகையில் வண்டிக்குப் பக்கத்தில் தவிடு, தானிய மூட்டை வைக்க வேண்டாம்.

புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது புகைக்குழாய் வழக்கத்தைவிடக் கடுமையாகச் சூடேறும். அந்த விளக்கு எரியும்போது வைக்கோல் போர், காய்ந்த தட்டை, களத்துமேடு இவற்றுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். இது தீ விஷயம், அலட்சியம் கூடாது.

வாசகர்கள் கேட்ட மூன்று கேள்விகள்

*‘யூரியா கரைசல் வெளியே விலை அதிகம். சொசைட்டி யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் என்ன?’*

ஊற்றவே கூடாது. அந்தக் கரைசல் 32.5 சதவிகிதச் சுத்தமான யூரியாவும், தாது நீக்கிய தண்ணீரும் கலந்தது. நம் யூரியா 2015 முதல் முழுக்க வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அந்த எண்ணெயும், யூரியாவில் உள்ள பையூரெட்டும், கிணற்றுத் தண்ணீரின் உப்பும் சேர்ந்து தெளிப்பானையும் வினையூக்கியையும் அடைத்துவிடும். மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய், செலவு லட்சத்தை எட்டலாம். தவிர, மானிய யூரியாவைப் பயிர் தவிர வேறு எதற்கும் பயன்படுத்துவது உரக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குற்றம்.

*‘பழைய வண்டி வாங்கினால் பராமரிப்பு மிச்சமாகுமா?’*

பழைய முறைப் பம்ப் உள்ள வண்டி என்றால், உள்ளூர் மெக்கானிக்கை வைத்துப் பார்த்து வாங்கலாம். காமன் ரயில் வண்டியைப் பழையதாக வாங்குவதானால், கம்பெனி சர்வீஸ் சென்டரில் கருவி வைத்துப் பார்த்து, கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளையும் இன்ஜெக்டர்களின் நிலையையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டு முடிவு செய்யும் காலம் இந்த வண்டிகளுக்கு இல்லை.

*‘மானியம் கிடைக்கிறதே, அப்போதும் கணக்குப் பார்க்க வேண்டுமா?’*

கட்டாயம் பார்க்க வேண்டும். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பிரிவைப் பொறுத்து 40 முதல் 50 சதவிகிதம் வரை, உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. மானியம் வாங்கும் விலையைக் குறைக்கும். டீசலையும், ஓட்டுநர் கூலியையும், நான்காம் ஆண்டில் மாற்ற வேண்டிய இன்ஜெக்டரையும் குறைக்காது. மேலே போட்ட கணக்கில் ரூ.12 லட்சத்துக்குப் பதில், மானியம் போக நீங்கள் கட்டும் தொகையைப் போட்டு, எத்தனை மணி நேரம் தேவை என்று பாருங்கள்.

யார் வாங்கலாம்?

பேரணைக்கும் கள்ளந்திரிக்கும் இடையில் இருந்து, ஆண்டுக்கு 500 மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை கிடைக்கும் என்று பெயர் பெயராக எழுதிக் காட்ட முடிந்தால் 55 ஹெச்.பி. வாங்கலாம். மேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு 45 ஹெச்.பி. வண்டியே பாதுகாப்பு. கரிசலில் பெரிய இன்ஜின் தேவைதான், ஆனால் அது ஒரு வீட்டின் வண்டியாக இருக்க வேண்டியதில்லை. நாலைந்து பேர் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமோ வாடகை மையமாக வைத்தால், ஒரே வண்டிக்குப் போதுமான மணி நேரம் சேரும். பத நாளில் யாருக்கு முதலில் என்பதை மட்டும் வாங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சண்டை வருவது அந்த இடத்தில்தான்.

ஆண்டுக்கு நூறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தேவைப்படுபவர்கள் வாடகைக்கே எடுக்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர், அறுவடை இயந்திரம், உளிக்கலப்பை உள்ளிட்டவற்றை வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலியில் முன்பதிவு செய்யலாம். தேவை உச்சத்தில் இருக்கும் வாரத்துக்குக் காத்திராமல், தண்ணீர் திறப்புத் தேதி அறிவித்ததுமே பதிவு செய்துவிட்டால் வண்டி கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு தாளை எடுத்து, கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்கள் ஊர் மடையில் எந்தத் தேதியில் தண்ணீர் வந்தது, எந்த ஆண்டு வரவில்லை என்று எழுதுங்கள். அதன் கீழே, வண்டி வாங்கினால் யார் யார் வயலில், எத்தனை மணி நேரம் ஓடும் என்று எழுதுங்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்து 475 வந்தால் சாவியை வாங்குங்கள். வராவிட்டால், 45 ஹெச்.பி. பக்கத்தில் நிற்கும் வண்டியின் விலையைக் கேளுங்கள்.